பாட்டி விட்டுவந்த மலையில் மண் படிக்கிறேன்

இலங்கையின் பேராதனையில் நான் கற்ற முதல் சிங்களச் சொல் 'பஸ்'. மண் என்று அர்த்தம். வந்த முதல் வாரம், மண் ஆய்வுக்கூடத்தில் குழாய் மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர், நான் புரியாமல் நிற்பதைப் பார்த்து ஒரு கட்டியை உடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். தமிழில் எழுதினால் பேருந்தும் அதே எழுத்து என்பதால் நோட்டில் பக்கத்திலேயே 'மண்' என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது சொல் 'வத்துர', தண்ணீர். மண்சரிவு பற்றி ஆய்வு செய்ய வந்தவளுக்கு அந்த இரண்டும் முதலில் வாய்த்ததில் இன்றைக்கும் சந்தோஷம்.

இரண்டு வருடம் ஆகிறது. ஊர் கோத்தகிரி. நீலகிரியிலிருந்து பிஎச்டி படிக்க இலங்கை மலையகத்துக்குப் போகிறேன் என்றபோது, "எல்லாரும் ஜெர்மனி, அமெரிக்கான்னு போறாங்க, நீ ஏன்டி சிலோன் போற?" என்று தோழிகள் கேட்டார்கள். அங்கே சரியும் மண்ணும் எங்கள் மலையில் சரியும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே குணம் என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் பாட்டி இல்லாமல் அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

பாட்டி பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. பாட்டி குடும்பம் இந்தியப் பங்கில் வந்தது. 1970-களில் ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில், அதாவது டான்டீயில் வேலை. ஒரு நாட்டில் இறக்கிவைத்த கொழுந்துக் கூடையை இன்னொரு நாட்டில் தூக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டில் பாட்டியின் பேச்சு அந்த மலையிலேயே இருந்தது. தண்ணீர் விழும் இடம் பீலி, ஆள் கணக்கெடுக்கும் இடம் பிரட்டுக்களம், தேயிலை ஆலை இஸ்டோர். இந்தச் சொற்களை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னால் 'சிலோன்காரி' என்பார்கள். அதனால் எட்டாம் வகுப்பு வாக்கில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இங்கே வந்து முதன்முதலாக ஒரு தோட்டத்துக்கு மாதிரி எடுக்கப் போனபோது, கை கழுவ இடம் கேட்க வாயைத் திறந்தேன். 'பீலி எங்க இருக்கு?' என்று தானாக வந்தது. லயத்து வாசலில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் என்னிடம் இல்லை.

பாட்டியின் தோட்டத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர் சொன்ன பெயர் ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர். அட்டவணையிலும் வரைபடத்திலும் இருப்பது துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர். இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் வயதானவர்கள் மட்டுமே. போகிற தோட்டத்தில் எல்லாம் விசாரிக்கிறேன்.

தங்கியிருப்பது கன்னொறுவைப் பக்கம் ஒரு சிங்கள வீட்டில், மாடியில் ஒரு அறை. கோத்தகிரிக் குளிரில் வளர்ந்தவளுக்குப் பேராதனை புழுக்கமாகவே இருந்தது, இப்போது பழகிவிட்டது. சாப்பாட்டில் சிரமமே இல்லை. காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கடையில் கிடைக்கிறது. அது பாட்டி கைச் சாப்பாடு. விசாவுக்கு மட்டும் பத்தரமுல்லை வரை போய் வர வேண்டும். வேலைக்குப் போகும் நாட்களில் விடியலில் பேராதனைச் சந்தியில் ரயில் ஏறினால் நாவலப்பிட்டி தாண்டியதும் மலை ஆரம்பிக்கும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் சரிவுகளை எண்ணிக்கொண்டே போவேன். எங்கே மண் புதிதாகச் சிவந்து தெரிகிறது, எங்கே மரம் சாய்ந்து நிற்கிறது என்று.

தோட்டங்களில் எனக்கு வைத்த பெயர் 'இந்தியாக்கா'. அவர்களையும் அரசுக் கணக்கில் இந்தியத் தமிழர் என்றே எழுதிவந்தார்கள். தோட்ட வேலைக்கு 1823-இல் வரத் தொடங்கி இருநூறு வருடம் ஆனதை நினைத்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த மக்களை. உண்மையில் இந்தியாவிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் இங்கிருந்து போனவரின் பேத்தி.

இனி படிப்பு. தமிழ்நாட்டில் நான் சிவில் படித்த கல்லூரியில், வகுப்பில் 60 பேருக்கு 22 பெண்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசி வருடப் புராஜெக்டுக்குக் குன்னூர் சாலையில் ஒரு சரிவை ஆராயலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். 2009 நவம்பரில் நீலகிரியில் மலை இறங்கி வீடுகளை மூடியபோது நான் சின்னப் பெண். எங்கள் தெருவில் ஒரு வாரம் யாரும் தூங்கவில்லை. அந்த நினைப்பில் எழுதிக் கொடுத்தது. அனுமதி வந்தது, "பையன்கள் ஃபீல்டுக்குப் போகட்டும், பெண்கள் லேபில் சாஃப்ட்வேர் பாருங்க" என்ற நிபந்தனையோடு. பாதுகாப்பாம். அந்தச் சாலையில் பத்து வருடம் பள்ளிக்கு நடந்தவள் நான். சமவெளியிலிருந்து வந்த நான்கு பையன்கள் கொண்டுவந்த போட்டோவைப் பார்த்து நான் சரிவின் கோணத்தைக் கணினியில் ஏற்றினேன். கோணம் தப்பு என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. சொன்னேன். திரும்பப் போய் அளக்க யாருக்கும் நேரமில்லை.

இங்கே வந்த இரண்டாவது மாதமே கையில் மண்வெட்டியும் குழாயும் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். முதல் குழாயை மண்ணில் இறக்கி, கலையாமல் வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் மெழுகு ஊற்றி அடைத்தபோது கை நடுங்கியது. அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் திரும்பினேன்.

இலங்கையில் கணக்கு வேறு மாதிரி. பல்கலைக்கழகம் நுழைபவர்களில் பெண்களே பாதிக்கு மேல், பொறியியல் பீடத்தில் மட்டும் அவர்கள் சிறுபான்மை. பீடங்களும் பேராதனை, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணம் என்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். எங்கள் பக்கம் கல்லூரி நூற்றுக்கணக்கில், கூடவே கட்டணமும். என் கல்விக்கடனை அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணமே கிடையாது. வாசல் குறுகல், உள்ளே வந்துவிட்டால் காசில்லை.

கடல் தாண்டித் தொழில்நுட்பம் படித்த பெண்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் கண்டியில் பிறந்த மினட் டி சில்வா. கட்டடக்கலை படிக்க நான் வந்ததற்கு எதிர்த்திசையில் பம்பாய் போனார், பிறகு லண்டன். 1948-இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தில் இடம்பெற்றார், ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். திரும்பி வந்து கண்டி மலைச்சரிவில் கட்டிய முதல் வீட்டில், மலையை வெட்டிச் சமதளம் ஆக்காமல், சரிவுக்குத் தக்கபடி தளங்களை ஏற்றி இறக்கி வைத்தார். சரிவை வெட்டினால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கும் எனக்கு அந்த முடிவு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கிண்டியில் 1940-களில் மின்பொறியியல் படித்த லலிதாவைப் பற்றி முதல் வருடமே கேள்விப்பட்டிருக்கிறேன். இளம் விதவை, கைக்குழந்தைக்காரி. பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம். இலங்கையின் முதல் பெண் பொறியாளரும் ஒரு தமிழ்ப் பெண்தான் என்பது மட்டும் இங்கே வந்துதான் தெரிந்தது. பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் முடித்து, ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். இவ்வளவு பக்கத்து நாட்டுக்காரரை எங்கள் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

இனி நான் சொல்ல வந்தது. மலைச்சரிவில் நாள் முழுக்க நிற்பவர்கள் பெண்கள். கொழுந்து எடுப்பது அவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்தது எங்கள் பாடத்தில் பாதி. மழை இறங்க இறங்க மண் துகள்களுக்கு நடுவிலுள்ள தண்ணீரின் அழுத்தம் ஏறும், துகள்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் பிடி அந்த அளவுக்குத் தளரும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடமும் சில சமன்பாடுகளும் வேண்டியிருந்தன. தலவாக்கலைப் பக்கம் ஒரு மலையில், புல் மூடிக் கிடந்த கானை, அதாவது வடிகாலை, மிதித்துக் காட்டி ஒரு அக்கா சொன்னார்: "கான் அடைச்சுக்கிச்சுன்னா தண்ணிக்குப் போக வழியில்ல புள்ள. மலை குடிச்சுக்கிட்டே இருக்கும். குடிச்ச மலை நிக்காது. முன்னெல்லாம் கான் வெட்ட தனியா ஆள் விடுவாங்க, இப்ப வருசத்துக்கு ஒருக்கா கூட இல்ல."

அந்த நோட்டுப் பக்கத்தை என் வழிகாட்டியிடம் காட்டினேன். அடுத்த தடவை அடைபட்ட கான்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து வரச் சொன்னார். இப்போது அது என் ஆய்வில் ஒரு அத்தியாயம்.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை ஒரு தாளாக இருந்தது, அந்தத் தாளைப் படித்துப் பக்கத்து வீட்டுக்கு விளக்கிச் சொல்ல லயத்தில் ஒருத்தி இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை வைத்து மூன்று படிகள் சொல்கிறது: 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. எளிய கணக்கு. ஆனால் ஒரு மலையில் பெய்வது அடுத்த மலையில் பெய்யாது. அளப்பவர் அங்கேயே இருக்க வேண்டும்.

கானைக் காட்டிய அந்த அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சாதாரண தரத்தில், அதாவது பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வில், கணிதத்தில் நல்ல பெறுபேறு வாங்கியும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தாள். அருகிலிருந்த தமிழ்ப் பாடசாலையில் வேறு பிரிவு இல்லை. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருப்பதை இங்கே '1ஏபி பாடசாலை' என்கிறார்கள். தோட்டப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் அவை மிகக் குறைவு. நாட்டுக்கு இலவசக் கல்வி 1940-களிலேயே வந்தது, தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்ததோ 1970-களில். அந்த முப்பது வருடம் இன்னும் தெரிகிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் நுவரெலியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணிதப் பிரிவுப் பாடமான இணைந்த கணிதம் சொல்லித்தர ஆள் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதத்தின் வாசல் வரையே வர முடிவதில்லை.

ஹட்டனிலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்த ஒரு தோழி, அவள் தோட்டத்திலேயே முதல் பெண் பொறியாளர், இப்போது நோர்வேயில் முதுநிலை படிக்கிறாள். அங்கே சில பொறியியல் படிப்புகளில் பெண்களுக்கு நுழைவுப் புள்ளி கூட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டாம். 2020 டிசம்பரில் யெர்ட்ரும் ஊரில் களிமண் சரிந்து பத்துப் பேர் இறந்ததைப் பாடமாகவே நடத்துகிறார்களாம். "அங்க செத்தவங்க ஒவ்வொருத்தரும் பாடத்துல இருக்காங்க அக்கா. மீரியபெத்தையை நாமதான் பாடமாக்கணும்" என்றாள். அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்காவின் சின்னவள் போன மழைக்காலத்தில் எனக்கு உதவ ஆரம்பித்தாள். சோடா போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கினோம். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கே தண்ணீர் அளவு தப்பும். அதற்குச் சிமெந்து குழைத்து ஊற்றலாம் என்று சொன்னது அவள்தான். பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டி, 75, 100, 150-இல் நகப்பூச்சால் கோடு போட்டாள். பீலிக்கு மேலே, கூரைத் தண்ணீர் படாத இடத்தில் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு எண் வரும். ஒரு நாள் 112 வந்தது. நான் பதறிப் போன் பண்ணுவதற்குள் லயத்துப் பிள்ளைகளையும் பாட்டிமாரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அன்று மலை நின்றது.

தை மாதத்திலிருந்து அவள் ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள், கணிதப் பிரிவு. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பஸ் காசுக்கு அக்கா சீட்டுப் போட்டிருக்கிறார். பள்ளி நாட்களில் போத்தலைப் பார்ப்பது மூத்தவள்.

இன்று காலை வந்த எண் 41. கூடவே ஒரு படம். இணைந்த கணிதப் பயிற்சித் தாள், ஒரு சாய்தளம், அதன் மேல் ஒரு துணிக்கை, பென்சிலில் போட்டு அழித்த அம்புக்குறிகள். கீழே எழுதியிருந்தாள்: 'உராய்வு எந்தப் பக்கம் வரும் அக்கா? சேர் நாளைக்குக் கேட்பார்.' சாயங்காலம் ஆய்வுக்கூடம் முடிந்ததும் போன் பண்ண வேண்டும்.