குழந்தைக்கு முழு மயக்கம்: எங்கள் அனுபவம்

எங்கள் பையனுக்கு ஒன்றே கால் வயதில் குடலிறக்கம் என்று தெரிந்தது. அழும்போதெல்லாம் தொடை இடுக்கில் புடைக்கும். திருமங்கலத்தில் பார்த்த குழந்தை டாக்டர், குடல் அதில் சிக்கிக்கொண்டால் அவசர ஆபரேஷன் ஆகிவிடும், தள்ளிப்போடாதீர்கள் என்று மதுரைக்கு அனுப்பினார். எனக்கு ஆபரேஷனைவிட மயக்க மருந்தில்தான் பயம். "சின்னப் பிள்ளைக்கு மயக்கம் குடுத்தா மூளை மந்தமாயிரும்னு சொல்றாகளே" என்று அத்தை வேறு.

மயக்க டாக்டரிடமே பேச வேண்டும் என்று சர்ஜனிடம் கேட்டோம். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். 2016இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது உண்மைதான், ஆனால் அது 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்துக்கும் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கும்தான் என்றார். இதே ஆபரேஷன் செய்த கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு முழு மயக்கம், மீதிப் பேருக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி என்று கொடுத்து, 5 வயதில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள்ளான மயக்கத்தால் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லையாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அவர் கவலைப்பட்டதெல்லாம் சளியைப் பற்றித்தான். முதலில் குறித்த தேதியில் பையனுக்கு மூக்கு ஒழுகியது, மயக்கத்தில் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். லீவு போட்டு வந்த வீட்டுக்காரருக்குக் கோபம், எனக்கு அந்த டாக்டர் மேல் நம்பிக்கை கூடியது.

அப்புறம் பட்டினி. பால், திட உணவு 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, அதனால் வீட்டுப் பெரியவர்கள் "ஒரே ஒரு பிஸ்கட்டு" என்று பாவம் பார்க்காமல் யாராவது கூடவே இருங்கள். காலையில் முதல் ஆளாகப் போட்டுத் தரச் சொன்னால் பிள்ளை அதிகம் பசிக்காமல் தப்பும்.

முகமூடி வைத்துத்தான் தூங்க வைத்தார்கள், ஊசி எல்லாம் தூங்கிய பிறகு. எழுந்ததும் என்னையே அடையாளம் தெரியாதவன் போல உதைத்து அலறினான், எனக்குக் கை கால் ஓடவில்லை. குழந்தைகளுக்கு மயக்கம் தெளியும்போது இப்படி வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார் நர்ஸ், அப்படியே அடங்கியது. இதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.