குழந்தைக்குக் காய்ச்சல், ஒன்பதரைக்கு மீட்டிங்: முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இருவரும் வேலைக்குப் போனாலும், சாதாரண நாள் எப்படியோ ஓடிவிடும். ஓடாத நாள் ஒன்று வரும். காலை ஆறு மணி, குழந்தையின் நெற்றி கொதிக்கிறது, ஒருவருக்கு ஒன்பதரைக்கு மீட்டிங், இன்னொருவருக்குக் காலை ஷிப்ட். அந்த நேரத்தில் யார் லீவு போடுவது என்று பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். பல வீடுகளில் பேச்சே எழுவதில்லை. அம்மாதான் லீவு என்று தானாகவே முடிவாகிவிடுகிறது, அது சண்டையைவிட மோசம். உதவியைத் தேவைப்படும் நாளில் தேடினால் கிடைக்காது. முன்பே பேசி, எழுதி, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவைத்திருந்தால்தான் கைகொடுக்கும்.

முதலில் ஒரு கணக்கு. காப்பகத்துக்குப் போக ஆரம்பித்த குழந்தைக்கு ஆண்டுக்கு 8 முறை சளி பிடிப்பது இயல்பு. குழந்தை பலவீனமாக இருக்கிறதோ, காப்பகம் சரியில்லையோ என்று அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். கிருமிகளை முதன்முதலாகச் சந்திக்கும் உடம்பு அப்படித்தான் பழகும். அந்த எட்டில் பாதிக்குக் காய்ச்சலும் சேர்ந்து, ஒவ்வொரு தடவையும் 2 நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டியிருந்தால் 8 வேலைநாள் போய்விடும். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பல காப்பகங்கள் குழந்தையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே காய்ச்சல் விட்ட மறுநாளும் வீடுதான். முதல் ஆண்டில் இருவருமாகச் சேர்ந்து 8 முதல் 10 நாள் லீவைத் தொடாமல் வைத்திருங்கள். ஒருவரின் லீவை மட்டுமே நம்பினால் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், பிறகு சம்பளம் பிடிப்பார்கள்.

ஞாயிறு இரவு பத்து நிமிடம் ஒதுக்கி, வரப்போகும் வாரத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒவ்வொரு நாளிலும் யாருக்கு அசைக்கவே முடியாத வேலை இருக்கிறது என்பதை மட்டும் குறியுங்கள். செவ்வாய் காலை அவருக்கு நேர்முகத் தேர்வு என்றால் செவ்வாய் உங்களுடையது, வியாழன் மதியம் உங்களுக்கு ஆடிட் என்றால் வியாழன் அவருடையது. இருவருக்குமே அசைக்க முடியாத நாள் வந்தால் பாதியாகப் பிரியுங்கள்: ஒருவர் மதியம் ஒரு மணி வரை, மற்றவர் அதற்குப் பிறகு. இப்படி எழுதிவைத்தால் காலை ஆறு மணிக்கு யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, காலண்டரைப் பார்த்தால் போதும். எல்லாவற்றையுமே 'அசைக்க முடியாதது' என்று குறிப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. வாரத்துக்கு ஒருவருக்கு இரண்டு குறிக்கு மேல் கிடையாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருவரும் உதவியின் முதல் வளையம் என்றால் அடுத்த வளையம், வெளியிலிருந்து இரண்டு பேர். சொந்தமோ, பக்கத்து வீடோ, அதே காப்பகத்தில் குழந்தையை விடும் இன்னொரு பெற்றோரோ, யாராக இருந்தாலும் சரி. 'ஏதாவதுன்னா கூப்பிடுங்க' என்று சொன்னவர்களை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 'மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன் செய்து, மதியம் வரை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாமா?' என்று கேட்டு, 'கேளுங்க' என்று பதில் வந்தவர்தான் கணக்கில் வருவார். குழந்தைக்கு அவர் முகம் பழகியிருக்க வேண்டும் என்பதால், நன்றாக இருக்கும் நாளிலேயே மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் அவரோடு விட்டுப் பழக்குங்கள். தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு இந்த வளையம்தான் முதல் வளையம், அவர்களுக்கு இரண்டு பேர் போதாது, நான்கு பேராவது வேண்டும்.

ஆள் மாறும் இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. அம்மா காலை எட்டுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார், அப்பாவுக்கு அது தெரியாமல் ஒன்பதுக்கு இன்னொரு முறை கொடுக்கிறார். காய்ச்சல் மருந்தான பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். மருந்துப் பாட்டில் பக்கத்திலேயே ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். நேரம், காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த மருந்து, எத்தனை மி.லி., கொடுத்தது யார் என்று ஐந்து கட்டம். கொடுத்த கையோடு எழுதிவிட வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். அளவை வயதைவிட எடையை வைத்து மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அந்தத் தாளின் தலையிலேயே எழுதிவையுங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் வந்தாலும் அடர்த்தி வேறு, ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் பல மடங்கு கூடிவிடலாம். சமையலறை ஸ்பூனால் அளக்கவே வேண்டாம், பாட்டிலோடு வரும் ஊசியில்லாத சிரிஞ்சுதான் சரி. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே இந்தத் திட்டமெல்லாம் பொருந்தாது, நேராக மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் வரைந்த படங்களைவிட, ஓர் ஆளுக்கு எத்தனை குழந்தை என்பதைப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் மூன்று குழந்தைக்கு ஒருவர் என்பது நல்ல அளவு. மதியம் ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்திலும் அந்த அளவு நிற்கிறதா என்று கேளுங்கள், முடிந்தால் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். எத்தனை டிகிரி காய்ச்சலுக்குத் திருப்பி அனுப்புவார்கள், தாமதமாக வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழக்குவதற்கு இரண்டு வாரமாவது தேவை: முதலில் நீங்களும் உடனிருக்கும் ஒரு மணி நேரம், பிறகு நீங்கள் இல்லாத ஒரு மணி நேரம், பிறகு தூக்கம் வரை, பிறகு முழு நாள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும், அந்த வயதில் சேர்த்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நழுவிப் போவது அப்போதைக்கு அழுகையைத் தவிர்க்கும். ஆனால் அம்மா எந்த நிமிடமும் காணாமல் போய்விடுவாள் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிடும், அடுத்த நாள் வாசலிலேயே கட்டிக்கொண்டு விடாது. டாட்டா சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போங்கள்.

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சின்ன விஷயங்கள் பெரிய மனக்கஷ்டமாக மாறுகின்றன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 30 முதல் 45 மி.லி. வேண்டும். 9 மணி நேரப் பிரிவுக்கு 270 முதல் 400 மி.லி., அதாவது 90 முதல் 100 மி.லி. வீதம் மூன்று நான்கு பாட்டில். ஃப்ரீசர் நிறையச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற பதற்றம் தேவையே இல்லை. முதல் நாளுக்கு வேண்டியதும் கூடுதலாக ஒரு நாளுக்கானதும் இருந்தால் போதும். திங்களன்று எடுப்பது செவ்வாய்க்கு, செவ்வாயன்று எடுப்பது புதனுக்கு என்று சக்கரம் ஓடும். அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு கூடி, மார்பு கட்டிக்கொள்ளும் தொல்லைதான் மிஞ்சும்.

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 15 முதல் 20 நிமிடம் பம்ப் வைத்துப் பால் எடுக்க வேண்டும். ஒரு வேளையைத் தவறவிட்டால் அன்று வலிக்கும். தொடர்ந்து தவறவிட்டால், எடுக்காமல் தேங்கும் பாலே சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடம்புக்குச் செய்தி அனுப்பிவிடும். மார்பில் பால் கட்டிய இடம் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஐஸ் பேக் வைத்த மூடிய பையில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். கதவுத் தட்டில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும், உள்ளே பின்சுவரை ஒட்டி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிட்ட பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மீதியானதை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: பாட்டில் தொடுவதற்கு வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினாலே போதும்.

திடீரென்று ஒரு நாள் பாதி அளவுதான் வருகிறது. 'பால் வற்றிவிட்டது' என்று அழுவதற்கு முன் பம்பைக் கழற்றிப் பாருங்கள். பாட்டிலுக்கு மேலே சிலிக்கோனில் வாத்தின் அலகு போல ஒரு சின்ன வால்வு இருக்கும். அதன் நுனிப் பிளவு இறுக மூட வேண்டும். தினமும் கழுவிக் கழுவி அது தளர்ந்தோ கிழிந்தோ போனால் மோட்டார் ஓடும், சத்தமும் அதேபோல் வரும், உறிஞ்சும் விசை மட்டும் இருக்காது. தினம் மூன்று வேளை எடுப்பவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும், பையில் எப்போதும் ஒரு ஜோடி உபரி இருக்கட்டும். வலித்தால், மார்பில் பொருத்தும் புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியோடு வரும் அளவு எல்லோருக்கும் பொருந்தாது, வேறு அளவுகள் தனியாகக் கிடைக்கும். பாகங்களை அலுவலகத் தொட்டியில் நேராகப் போடாமல், இதற்கென்று வைத்த தனிக் கிண்ணத்தில் சோப்பு நீரில் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று, முன்பே தெரிந்தால் பெரிய ஏமாற்றம் தவிரும். சிலருடைய பாலை உறையவைத்து உருக்கினால் சோப்பு வாசனை அடிக்கும். கெட்டுப்போகவில்லை, பாலில் இயல்பாக உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரிப்பதால் வரும் வாசனை அது. சில குழந்தைகள் அதை மறுத்துவிடும். எனவே சேர்க்கத் தொடங்குமுன் ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறையவைத்து, உருக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை வந்து குழந்தையும் மறுத்தால், இனி எடுக்கும் பாலை எடுத்தவுடன் ஓரத்தில் குமிழ் கட்டும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, சட்டென்று ஆறவைத்து உறையவையுங்கள். வாசனை வந்துவிட்ட பாலைச் சூடாக்கிப் பயனில்லை. பாட்டில் பழக்கம் வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கட்டும். கொடுப்பவர் அம்மாவாக இல்லாமல் இருப்பது நல்லது, அம்மா பக்கத்தில் இருந்தால் பல குழந்தைகள் பாட்டிலைத் தொடாது.

இனி அலுவலகம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஆனால் இங்கே அழுகை எழுத்தில் இருக்க வேண்டும். 'கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்' என்று வாய்வார்த்தையாகக் கேட்டால், மேனேஜர் மாறும் அன்று அந்தச் சலுகையும் போய்விடும். கேட்பது இப்படித் துல்லியமாக இருக்கட்டும்: 'மார்ச் 3 முதல் ஏப்ரல் 28 வரை 8 வாரங்களுக்குக் காலை 8 முதல் மாலை 4:30 வரை வேலை செய்கிறேன். காலை 10:30க்கும் மதியம் 1:30க்கும் 20 நிமிடம் பால் எடுக்க, உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். மற்ற நேரங்களில் எல்லா மீட்டிங்குக்கும் இருப்பேன். ஏப்ரல் 28 அன்று இது சரிவருகிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.' முடிவுத் தேதி இருப்பதால் சரி என்று சொல்வது அவர்களுக்கும் எளிது. கேட்குமுன் உங்கள் நாட்டின் சட்டத்தையும் நிறுவனத்தின் விதியையும் படித்துவிடுங்கள், ஏற்கெனவே உரிமையாக இருப்பதைச் சலுகையாகக் கேட்டுவிடக் கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2000-ல் கொண்டுவந்த 183-ஆவது உடன்படிக்கை, மகப்பேறு விடுப்பு குறைந்தது 14 வாரம் என்கிறது. பாலூட்டும் இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே எண்ண வேண்டும் என்றும் சொல்கிறது. 1981-இன் 156-ஆவது உடன்படிக்கை, குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர் என்று ஆண், பெண் இருவரையும் சேர்த்தே பேசுகிறது. அப்பாக்களும் இதே கடிதத்தை எழுத வேண்டும். வேலைக்குத் திரும்பும் நாள் உங்கள் கையில் இருந்தால் வாரத்தின் நடுவில் வையுங்கள், முதல் வாரம் மூன்று நாளில் முடிந்துவிடும்.

வீட்டு வேலையைப் பிரிப்பதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள். 'சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே' என்ற வாக்கியம் எழும் வீட்டில், நினைவில் வைத்திருக்கும் பாரம் முழுக்க ஒருவர் தலையில் இருக்கிறது என்று அர்த்தம். தடுப்பூசி ஒருவருடையது என்றால், தேதியை நினைவில் வைப்பது, முன்பதிவு, அன்றைக்கு லீவு, அட்டையை எடுத்துப் போவது, அன்றிரவு காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது எல்லாமே அவருடையது. மற்றவர் நினைவூட்டக்கூட வேண்டாம். முதல் மாதம் ஏதாவது தவறும். அப்போது பாய்ந்து போய்ச் சரிசெய்தால் பொறுப்பு பழைய தலைக்கே திரும்பிவிடும்.

கடைசியாக, களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாடு. பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பரவலானது, தானே அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தாலோ, மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பிய பிறகு தலைதூக்கினாலோ பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வை அறிய உதவும் கேள்வித்தாளான எடின்பரோ அளவுகோலை நிரப்பிப் பாருங்கள். 1987-ல் வெளியான இந்த 10 கேள்விகள் கடந்த 7 நாட்களைப் பற்றி மட்டுமே கேட்கும், ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்பாக்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நோயை உறுதிசெய்வது இதன் வேலை இல்லை, மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க ஒரு தாள், அவ்வளவுதான். 'சும்மா டயர்டா இருக்கு' என்று சொல்லி வருபவரைவிட, நிரப்பிய தாளோடு வருபவரை மருத்துவர் எளிதில் புரிந்துகொள்வார். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள், வீட்டில் இருப்பவர் கூடவே போகட்டும்.