ஆவாரம்பூவும் 45 கிலோவும்

போகி அன்று மாலை நான்கரை மணிக்குக் கடைசி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்தோம். அந்த ஒரு ஷிப்மென்ட்டுக்காக மார்கழி முழுவதும் ஒன்றரை ஷிப்டு ஓடியது. நான் செக்கிங், வீட்டுக்காரர் கட்டிங். நாங்கள் கிளம்பும்போதும் பிள்ளைகள் தூக்கத்தில், திரும்பும்போதும் தூக்கத்தில். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற எந்த வீட்டிலும் இதுதான் நிலை. தீபாவளியை விட்டால் பொங்கல். அந்த நான்கைந்து நாள்கள்தான் நாங்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள்கள்.

இந்த முறை அதில் ஒரு நாளை மகளின் கபடிக்கும், ஒரு நாளை மகனின் கிரிக்கெட் ஆசைக்கும் ஒதுக்கினோம். "நோம்பி நாளில் பெண் பிள்ளையைக் கபடிக்கா அனுப்புகிறீர்கள்?" என்று சொந்தத்தில் இரண்டு பேர் போனிலேயே கேட்டுவிட்டார்கள். நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. லீவு நாளில் ஆடாவிட்டால் வேறு எப்போது ஆடுவாள்? அவள் முன்பு படித்த பள்ளியில் விளையாட்டு வகுப்பைப் பாதி நாள் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய பஸ் நிலையத்தில் காங்கேயம் பஸ்ஸுக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மகன் பேட்டை நெஞ்சோடு அணைத்தபடி படியருகே நின்றான். மகளின் விளையாட்டுப் பை என் மடியில். பல்லடம் சாலை, தாராபுரம் சாலை என்று எல்லாத் திசையிலும் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. காங்கேயத்தில் இறங்கிச் சென்னிமலை போகும் பஸ்ஸில் மாறினோம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் வந்துவிட்டது.

வீட்டுக்காரரின் அம்மா, என் அத்தை, திண்ணையில் காப்புக் கட்டோடு காத்திருந்தார். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டி வைத்திருந்தார். வாசல் நிலை, கூரை இறவாரம், மாட்டுப்பட்டி, கிணற்று மேடு, காட்டின் நான்கு மூலை என்று ஒவ்வோரிடமாகச் செருகிக்கொண்டு போனோம். மிஞ்சிய ஒரு பிடியை மகள் கேட்டு வாங்கித் தன் பையின் வாரில் கட்டிக்கொண்டாள். அத்தை அதைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு, "முடிச்சை இறுக்கிப் போடு கண்ணு" என்றார்.

தொலைவிலிருந்தே பார்த்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கார்த்திகை மாதம் அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் ஓராண்டாக ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். இந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதுதான் முதலாவது. நங்கையின் மகனுக்குப் பெருந்துறை சிப்காட்டில் வேலை கிடைத்தது, கொழுந்தனார் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கியது, செவலைக் கன்று பிறந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மகளின் எடைதான் இந்தப் பயணத்தில் என் பெரிய கவலை. காணும் பொங்கல் அன்று நடக்கும் போட்டியில் அவள் ஆடுவது 45 கிலோ பிரிவு. கிளம்பும் முன் திருப்பூரில் நிறுத்துப் பார்த்தோம். 44 கிலோ 600 கிராம். மீதம் இருப்பது 400 கிராம். பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு 400 கிராம் என்பது இரண்டு கச்சாயம், ஒரு ஒப்புட்டு, ஒரு தம்ளர் பாலில் முடிந்துவிடும். போட்டிக்கு முந்தின இரவு பட்டினி போட்டு எடையைக் குறைக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளின் உடம்போடு செய்யக்கூடாத விளையாட்டு அது. எடை தாண்டினால் அடுத்த பிரிவில் ஆடட்டும், இல்லையென்றால் இந்த முறை வெளியே உட்காரட்டும், சோற்றை மட்டும் நிறுத்தக் கூடாது என்று மகளிடமும் அவள் பயிற்சியாளரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு இதை விளக்குவது பெரும்பாடாகிவிட்டது. "தின்றால்தானே பலம் வரும்? இதென்ன சட்டம்?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரே எடையில் இருப்பவர்கள் மோதினால்தான் அடிபடாது என்று மகள் பொறுமையாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்த அத்தை கச்சாயத்தையெல்லாம் எண்ணி ஒரு டின்னில் போட்டு மூடினார். "ஆடி முடித்துவிட்டு வந்து தின்னு. அதுவரை தம்பி கையில் இது சிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்." இரவு எல்லோருக்கும் அரிசியும்பருப்பும் சாதம். மகள் நெய் விடாமல் வயிறாரச் சாப்பிட்டாள்.

கொங்கு நாட்டில் தை முதல் நாளைவிட மறுநாள் வரும் பட்டிப் பொங்கல்தான் பெரிய நோம்பி. மாட்டுப்பட்டிக்குள் சாணத்தால் கரை கட்டிச் சின்னத் தெப்பக்குளம் அமைத்து, நீர் ஊற்றி, ஆவாரம்பூவும் செவ்வந்தியும் மிதக்க விட்டோம். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேயும் கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து பொன்னிறத்தில் கிடந்தது. இருட்டியதும் பொங்கல் வைத்து, "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று கூவிக்கொண்டே பட்டியைச் சுற்றி வந்தோம். மகன் தட்டத்தைத் தட்டிய தட்டில் பக்கத்துப் பட்டி நாய் குரைத்தது. கடைசியில் புதுக் கன்றைத் தெப்பக்குளத்தை மிதிக்க விட வேண்டும். அது கரையில் நின்று தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே தாவலில் பூவெல்லாம் சிதற அந்தப் பக்கம் போய் நின்றது. தாய் வெள்ளையாக இருக்கும்போது கன்று ஏன் செவலையாக இருக்கிறது என்று மகன் கேட்டான். காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது அந்த நிறம்தான், ஆறு மாதத்தில் சாம்பல் பூத்து மாறிவிடும் என்று கொழுந்தனார் சொன்னார்.

மறுநாள் காலை 10 மணிக்கு எடை போட்டார்கள். காங்கேயம் வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் கொப்பரைக் களம்தான். மூட்டை நிறுக்கும் எடைமேடை ஒன்றைத்தான் போட்டிக்கும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதன் தகட்டில் கொப்பரைத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தன. சிறுமிகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். சிவப்பு எண்கள் நடுங்கி நடுங்கி நிற்கும் வரை ஒருத்தியும் மூச்சு விடவில்லை. என் மகள் ஏறினாள். 44.8, 45.1, 44.9. அதில் நின்றது. இறங்கியவள் நேராக என்னிடம் வந்து வாழைப்பழம் கேட்டாள்.

ஆடுகளம் மண் தரை. உழுது, கல் பொறுக்கி, தென்னை நார்த்தூள் தூவி, தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் கோடுகள் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அழிந்துபோகும், ஒரு பையன் டப்பாவோடு ஓடிவந்து மறுபடி போடுவான். அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மனத்தைச் சுட்டது வேறு. எட்டு அணிகள், ஏறக்குறைய எண்பது சிறுமிகள், நாள் முழுக்க வெயிலில். அவர்கள் உடை மாற்ற ஓர் அறை இல்லை, கழிப்பறை இல்லை. சிலர் அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருவர் இதைக் கவனித்துவிட்டுத் தன் வீட்டைத் திறந்துவிட்டார். நான்கு தென்னந்தடுக்கும் இரண்டு வாளித் தண்ணீரும் இருந்திருந்தால் போதும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்டுகிறவர்கள் முதலில் இதற்கு ஒதுக்க வேண்டும். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று.

மதியம் நடக்க வேண்டிய கால் இறுதி நான்கு மணிக்குத் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தால் ஒரு நன்மை விளைந்தது. காணும் பொங்கல் அன்றுதான் எங்கள் பக்கம் பூ நோம்பி. கட்டுச்சோறும் முறுக்கும் கரும்பும் எடுத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே போய், ஆவாரம்பூ பறித்து, கும்மி அடித்து, பொழுதோடு திரும்புவார்கள். அத்தை அந்தக் கூட்டத்தோடு போயிருந்தார். ஆட்டத்தின் முதல் பாதி முடிந்த நேரம், மஞ்சள் கூடைகள் வரிசையாகச் சாலையில் வருவது தெரிந்தது. ஒலிபெருக்கியில் பேத்தி பெயரைக் கேட்ட அத்தை அப்படியே நின்றுவிட்டார். அவர் நின்றதும் இருபது முப்பது பெண்கள் கூடைகளோடு கோட்டோரம் வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே நின்றிருந்த பக்கம் அது.

மகள் ஆடுவது இடது மூலை. கடைசி இரண்டு நிமிடங்களில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. களத்தில் எங்கள் பிள்ளைகள் மூன்று பேர்தான் மீதம். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பாடி வருபவரைப் பிடித்தால் இரண்டு புள்ளி. வந்த சிறுமி நல்ல உயரம், கால் நீளம். கபடி கபடி என்ற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. பாடுவதற்கு உள்ள 30 விநாடியில் இருபதுக்கு மேல் போயிருக்கும். அவள் மறுபக்கம் கையை வீசிவிட்டு என் மகள் நின்ற பக்கம் காலை நீட்டினாள். என் மகள் பின்வாங்குவதுபோல் அரை அடி நகர்ந்து, அந்தக் கால் தரையைத் தொடும் நொடியில் குனிந்தாள். இரண்டு கைகளும் கணுக்காலில் பூட்டுப் போட்டதுபோல் கோத்துக்கொண்டன. அவளை இழுத்துக்கொண்டே அந்தச் சிறுமி நடுக்கோட்டை நோக்கி விழுந்தாள். நார்த்தூள் பறந்தது. நீட்டிய விரலுக்கும் சுண்ணாம்புக்கோட்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இருந்தது. மற்ற இருவரும் வந்து மேலே விழுந்தார்கள். விசில்.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். அரை இறுதியில் தோற்றோம், அதுவும் நியாயமான தோல்விதான், அந்த அணி மிக நன்றாக ஆடியது. தோற்ற இரண்டு அணிகளுக்கும் மூன்றாம் பரிசு. ஒவ்வொருத்திக்கும் ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி.

முழங்கை சிராய்ப்போடு வந்த பேத்தியை அத்தை பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நக இடுக்கில் இருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தார். "அவள் அந்தக் காலைத் தூக்கும் முன்பே நீ பார்த்துவிட்டாய். நானும் பார்த்தேன்" என்றார். அவர் குரல் சற்றுக் கரகரத்தது. மகள் போசியை அவர் மடியில் வைத்தாள்.

மறுநாள் மகனின் நாள். கொழுந்தனாரின் வேனில் ஏழு பேர். சென்னிமலை, ஈரோடு, காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையம், சங்ககிரி. தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட மலைக்கோட்டையைப் பார்த்ததும் வேனை நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரர் கீழிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு எடப்பாடி வழியாகச் சின்னப்பம்பட்டி.

மகன் இடது கையால் பந்து வீசுகிறவன். சின்னப்பம்பட்டிக்காரரான இந்திய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் அவனுக்கு எல்லாம். ஊர்ப் பொட்டலில் டென்னிஸ் பந்தில் ஆடிய நெசவுத் தொழிலாளி மகன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானவர். பிரிஸ்பேனில் அவர் முதல் டெஸ்ட் ஆட இறங்கிய 2021 ஜனவரி 15, எங்கள் பட்டிப் பொங்கல் நாள். பட்டிக்குத் தெப்பக்குளம் வெட்டிக்கொண்டே ரேடியோவில் கேட்டதாகக் கொழுந்தனார் இன்றும் சொல்வார். சொந்த ஊரில் அவர் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. நாங்கள் போனது விடுமுறை நாள், உள்ளே பயிற்சி இல்லை. வெளியே நின்று பச்சைப் புல்லையும் ஆடுகளத்தையும் மகன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் காட்டில் ஆடிக்கொண்டிருந்த ஊர்ப் பையன்கள் அவன் கையில் பந்தைக் கொடுத்து ஓர் ஓவர் போடச் சொன்னார்கள். ஐந்து பந்து சரியாக விழுந்தது. ஆறாவதை ஒருவன் கிணற்றுப் பக்கம் அடித்துவிட்டான். அதைத் தேடி எடுக்க எல்லோரும் சேர்ந்து ஓடினார்கள்.

திரும்பும் வழியில் இதே சேலம் மாவட்டத்தின் இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. சிறு வயதில் வலது கால் மீது பஸ் ஏறிச் சிதைந்த பிறகும் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர், பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 1.89 எவ்வளவு உயரம் என்று மகள் கேட்டாள். டீக்கடையில் இறங்கியபோது அவளைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரைச் சாண் அளந்து காட்டினேன். அவள் அண்ணாந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், டீ ஆறிப்போகும் வரை.

ஞாயிறு மாலை திருப்பூர் பஸ் ஏறினோம். தூக்குப்போசி நிறையக் கச்சாயம். பை வாரில் கட்டிய ஆவாரம்பூ உதிர்ந்து, வேப்பிலை மட்டும் சுருண்டு ஒட்டியிருந்தது. தைப்பூச லீவில் வெள்ளகோவில் பக்கம் ஓர் ஊரில் அடுத்த போட்டி. பஸ் கிளம்பும் வரை சன்னலோரம் நின்றிருந்த அத்தை, காங்கேயத்திலிருந்து அங்கே போகக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.