கொழுக்குமலையில் 140 மி.மீ.

என் முதல் நல்ல கேமரா நிக்கான் டி7200. 2015-இல் வெளிவந்த மாடல். ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். புதிதாக ஒன்று வாங்கவிருந்த பணத்துக்கு அதுவும், 18-140 மி.மீ. லென்ஸும் (18-இல் காட்சி அகலமாக விழும், 140-இல் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும்), கனமான ஒரு டிரைபாடும் கிடைத்தன. அப்பர்ச்சருக்கு (ஒளி புகும் துளை) ஒரு சக்கரம், ஷட்டருக்கு (ஒளி விழும் நேரம்) ஒரு சக்கரம் என்று தனித்தனியாக இருந்ததும் பிடித்துப்போயிற்று. விறைத்த விரல்களோடு மெனுவைத் துழாவ வேண்டாம். அந்த அருமை கொழுக்குமலைக் குளிரில்தான் முழுதாகப் புரிந்தது.

கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க, சூரியநெல்லியிலிருந்து இருட்டிலேயே ஜீப் புறப்படும். கேரளத்தில் ஏறி, தேனி மாவட்டத்தில் இறங்குவோம். கல்லும் பள்ளமுமான பாதை. பையை மடியிலேயே அணைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்காட்சி என்றால் அகலமாக எடுப்பது என்று முதல் பயணத்தில் உறுதியாக நம்பியிருந்தேன். 18-ஐ விட்டு நகரவே இல்லை. வீட்டில் திறந்து பார்த்தால் மேகக் கடல் மெல்லிய வெள்ளைக் கோடாகக் கிடந்தது. சூரியனைச் சுற்றி வானம் வெளுத்துப்போய், கேமரா பதிந்த தகவல் முழுதும் இருக்கும் ரா கோப்பிலும் மீளவில்லை. இரண்டு நாள் மனசே சரியில்லை.

மறு வருடம், முதல் பயணத்தில் நின்று படமெடுத்த அதே பாறைக்குப் போனேன். சூரியன் எழுந்ததும் கூட்டம் டீ குடிக்கக் கிளம்பியது. நானும் டிரைபாடை மடக்கப் போனேன். "இருங்கள் தம்பி, இனிமேல்தான் மலை பிரிந்து தெரியும்" என்றார் ஜீப் ஓட்டி வந்த அண்ணன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மடிப்பு மடிப்பாக மலை பிரியத் தொடங்கியது. காற்றின் ஈரம் ஒளியைச் சிதறடிப்பதால் தூரம் கூடக் கூட நிறம் வெளிறும்: கிட்டத்து முகடு கருநீலம், அடுத்தது சாம்பல், கடைசியில் வானமா மலையா என்றே தெரியாத ஒரு சாயல். லென்ஸை 140-க்கு நீட்டினேன். எங்கெங்கோ கிடந்த முகடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் நெருங்கி வந்தன.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் எஃப்/8. டிரைபாடில் நின்றதால் லென்ஸின் அதிர்வுக் குறைப்பை அணைத்தேன். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாதவரை ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். கை பட்டு அசையாமலிருக்க 2 விநாடி டைமர். நடுவில் லென்ஸ் முகப்பில் பொடிப்பொடியாய் நீர் கோத்தது. பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

மொத்தம் ஒன்பது படங்கள். அவற்றில் மூன்று என் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. அடுத்த டிசம்பருக்கு 70-300 லென்ஸ் ஒன்றை வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.