குளிக்கப் போனாள்

தில்லி மஹிளா ஹாட்டில் ஞாயிறுதோறும் கூடும் பழைய புத்தகச் சந்தையில் 'ஆர்லாண்டோ' 60 ரூபாய்க்குக் கிடைத்தது. சந்தை பழையபடி தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்திருந்தால் 40-க்குப் பேசியிருப்பேன். வர்ஜீனியா வுல்ஃப் எழுதி 1928-ல் வந்த நாவல். ஜனவரிப் பனிமூட்டத்தில், மயூர் விஹாரில், ரஜாய்க்குள் கால் நீட்டிப் படித்தேன். தேம்ஸ் நதி உறைந்து, பனிக்கு அடியில் மடி நிறைய ஆப்பிளோடு ஒரு கிழவி அப்படியே உட்கார்ந்திருக்கும் இடம் வந்தபோது, கீஸர் போட எழுந்தவள் மறுபடி படுத்துவிட்டேன்.

எலிசபெத் ராணி காலத்தில் 16 வயதுப் பையன் ஆர்லாண்டோ. தூதனாகக் கான்ஸ்டான்டிநோபிள் போன இடத்தில் ஏழு நாள் தூங்குகிறான். எழுந்தால் பெண். புத்தகம் வெளியான அதே 1928 அக்டோபர் 11-ல் கதை முடிகிறது. 300 வருஷத்துக்கு மேல் ஓடியும் அப்போது அவளுக்கு வயது 36-தான்.

மன்னார்குடி அக்காவிடம் போனில் சொன்னேன். "சிகண்டி மாதிரியாடி?" என்றாள். இல்லை. சிகண்டிக்குப் பீஷ்மரைச் சாய்க்கிற வேலை பாக்கி இருந்தது. ஆர்லாண்டோவுக்கு யாரிடமும் கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. கண்ணாடியில் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போகிறான். போகிறாள்?

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். வுல்ஃப் அந்த இடத்தில் இன்னும் 'ஹிஸ்' என்றே எழுதிவிட்டு, கொஞ்சம் தள்ளி, வழக்கத்துக்காக இனி 'ஹெர்' என்போம் என்கிறார். நாவலின் முதல் சொல்லே 'ஹீ'. ஆங்கிலத்தில் வாய் திறந்ததும் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லை, எச்சமாக அடுக்கிக்கொண்டே போகலாம். பால் கணக்கு எழுதும் நோட்டில் எழுதிப் பார்த்தேன்: "ஏழு நாள் தூங்கி, கண் விழித்து, எழுந்து நின்று, கண்ணாடியில் ஏற இறங்கப் பார்த்து, துளியும் கலங்காமல் குளிக்கப் போனாள்." படுத்தது ஆண். கடைசிச் சொல்லின் வாலில் மட்டும் ஓர் 'ஆள்'. அந்தச் சந்தோஷத்தில் விசில் எண்ண மறந்து பருப்பு குழைந்துவிட்டது.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு, தலைகீழாக. 1998-ல் கல்யாணமாகி வந்தபோது ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். இந்தி ஒரு எழுத்து தெரியாது. இவர் பேசுவதைக் கேட்டே கற்றதால் ஒரு வருஷம் முழுக்க ஆணாகப் பேசியிருக்கிறேன். "மை ஆ ரஹா ஹூ" என்று பால்கனியிலிருந்து கத்துவேன், இதோ வரேன் என்கிற அர்த்தத்தில். பெண் என்றால் 'ரஹீ' என்றிருக்க வேண்டும். சப்ஜிவாலா கீழே நின்று, "ஆயியே, பாய் சாப்!" என்பார், வாங்க அண்ணா என்று. நான் வந்தேன் என்றால் தமிழ் மேற்கொண்டு எதுவும் கேட்காது. இந்தி விடாது.

மகள் லேப்டாப்பில் சாலி பாட்டரின் 1992 படத்தைப் போட்டாள். ஆர்லாண்டோவாக டில்டா ஸ்விண்டன். எலிசபெத் ராணியாக, எண்பதைத் தாண்டிய குவென்டின் கிரிஸ்ப் என்ற ஆண். அவர் வரும் காட்சிகளை இரண்டு தடவை பார்த்தேன். முடிவில்தான் சண்டை. வுல்ஃப் இதை எழுதியது தோழி வீட்டா சாக்வில்-வெஸ்டுக்காக. ஒரே வாரிசாக இருந்தும் பெண் என்பதால் அவருடைய நோல் மாளிகை சித்தப்பாவுக்குப் போனது. நாவலில் ஆர்லாண்டோவுக்கு ஒரு மகன் பிறக்கிறான், வீடும் கையை விட்டுப் போகவில்லை. படத்தில் பிறப்பது மகள், வீடு போய்விடுகிறது. ஒருத்தி கொடுத்ததை இன்னொருத்தி எதற்குப் பிடுங்க வேண்டும்? "அதும்மா நெஜம்" என்றாள் மகள். 2019-ல் வியன்னா அரசு ஓபெராவில் ஓல்கா நொய்விர்த் இசையமைத்ததும் இருக்கிறது. கொஞ்சம் கேட்டேன், என் காதுக்கு எட்டவில்லை.

அன்று படம் பார்க்க மகளோடு படிக்கும் ஒருவரும் வந்திருந்தார். மகளிடம் இந்தியில் பேசும்போது ஒரு வாக்கியம் 'ரஹா', அடுத்தது 'ரஹீ'. என்னிடம், "ஆன்ட்டி, கை கழுவிட்டு வந்துடறேன்." நான், "சீக்கிரம் வா, தோசை ஆறிடும்." இரண்டு பேருக்கும் ஒரு தடுமாற்றமும் இல்லை. உள்ளே போனதும் இவர் பேப்பரைத் தாழ்த்தி, "பையனா, பொண்ணா?" என்றார்.

"அவங்களுக்கு மிளகாய்ப்பொடியா, சட்னியான்னு கேட்டுட்டு வாங்க."