ஓனர் வீடு, நம்ம பொருள்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாக மேலேறி, அப்புறம் வாசல் வழியாகவும் வந்து முழங்காலுக்கு மேல் நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த அம்மாவின் பட்டுப்புடவைகள், ஊறி உப்பிப்போன பிளைவுட் பீரோ என்று எல்லாம் போயிற்று.

ஓனர் நல்ல மனிதர். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். அதை நம்பி இரண்டு வாரம் இருந்தேன், கடைசியில் பார்த்தால் அவர் எடுத்திருந்தது கட்டடத்துக்கு மட்டும், சுவர், தரை, ஒயரிங் எல்லாம் அதில் வரும், ஆனால் குடியிருப்பவரின் சாமான் எதுவும் வராது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் அந்த நேரத்துக்குப் பெரிய உதவி, அதை மறுக்கவே மாட்டேன், ஆனால் அதில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்க முடியாது.

வாடகைக்கு இருப்பவர் தன் பொருட்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம் என்பதே எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் அதில் சேரலாம். தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், தண்ணீர்க் குழாய் வெடிப்பது எல்லாம் அதில் அடங்கும்.

திருட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து அதைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் பொருள் திருடுபோனால்தான் இந்தப் பாலிசியில் பணம் கிடைக்கும், சும்மா ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்தால் கிடைக்காது, அதற்குத் திருட்டுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகைக்கும் அப்படித்தான், தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கம், சான்றிதழ், பத்திரம், பைக் எதுவும் சாமான் கணக்கில் வராது.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்றால், பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய விலையைப் போடாதீர்கள், இன்றைக்குக் கடைக்குப் போய் அதையே புதிதாக வாங்க என்ன ஆகும் என்று பாருங்கள். நாங்கள் உட்கார்ந்து எழுதியபோது, பெரிதாக எதுவும் இல்லை என்று நினைத்த வீட்டில் நான்கு லட்சத்துக்கு மேல் வந்தது, பாத்திரமும் துணியும் மட்டுமே அவ்வளவு இழுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இன்னொன்று, நனைந்ததைக் கண்டதும் தூக்கி வீசிவிடாதீர்கள். உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, போட்டோ எடுத்து, சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை வைத்திருங்கள், நாற்றம் தாங்க முடியாமல் கழித்தே ஆக வேண்டும் என்றால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறோம். வெள்ளம் ஏறாது, ஆனால் மேல்வீட்டில் குழாய் வெடிக்கலாம், பக்கத்து வீட்டில் தீப்பிடிக்கலாம், அதனால் பாலிசி எடுத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்ட, நான் போனில் வீடியோ எடுத்தேன், ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கிற சீரியல் நம்பர் வரைக்கும். பில்களோடு சேர்த்து அதை மதுரையில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.