‘யோசனை’ என்றால் இங்கே வேறு

இலங்கையில், எங்கள் மன்னார்ப் பேசாலையில் யாராவது கொஞ்சம் மாறி நடந்தால் ‘அங்கொடைக்கு அனுப்போணும்’ என்பார்கள், கொழும்புப் பக்கம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமுக்கு வந்த பிறகு அதே பேச்சுத்தான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு: ‘ஏர்வாடிக்குக் கொண்டு போ’. எனக்கே நித்திரை போனபோது நான் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம்.

2022இல் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று அலுத்துப் படகேறினோம். ஓட்டி, கரை வந்துவிட்டது என்று சொல்லி அரிச்சல்முனைக்கு முன்னால் ஒரு மணல் திட்டில் இருட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். கடலோரக் காவல் படை வந்து ஏற்றும்வரை சின்னவளைத் தோளில் வைத்தபடி நின்றேன், அவ்வளவுதான், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் ஏழெட்டு மாதம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் கிடைத்த பெயிண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு தினமும் மூன்று மணிக்கு முழிப்பு, நெஞ்சு படபடப்பு, தூரத்தில் வள்ளத்து இன்ஜின் கேட்டாலே கை நடுங்கும். ஒரு கிளினிக்கில் ரத்தம், இசிஜி எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றுமில்லையென்றால் ஏன் நித்திரை இல்லை என்று டொக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1990இல் வந்து இங்கேயே தங்கிவிட்ட பக்கத்து வீட்டு மாமிதான், ‘தம்பி, ஒருக்கா தர்காவுக்குப் போயிட்டு வாங்க’ என்றார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்த ஊர் என்று மட்டும்தான் ஏர்வாடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அப்படிப்பட்ட காப்பகங்களை அப்போதே மூடிவிட்டார்கள் என்று தெரியாமல், வழியெல்லாம் சங்கிலியைத் தேடிக்கொண்டு நடந்தேன். கண்டது வேறு. தர்கா பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவர் பார்க்கிறார், தவா–துவா என்கிறார்கள், மருந்தும் பிரார்த்தனையும். ஓதிக் கட்டிய கயிறோடு மாத்திரைச் சீட்டையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என்னைப் போலத்தான் இருந்தார்கள். நானும் கயிறு கட்டிக்கொண்டேன். மருத்துவரிடம் போகவில்லை, அதற்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

இரண்டாவது மாடி உயரச் சாரத்தில் நின்றபோது கீழே ஜெனரேட்டரைப் போட்டார்கள். எனக்குக் கால் மரத்துவிட்டது. இறக்கிவிட்ட பொடியனுக்கு இருபது வயதிருக்கும். அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். (சாகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் என்னைப்போல இழுத்தடிக்க வேண்டாம், அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். இரவென்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடித்துத் தமிழிலேயே பேசலாம்.)

மறுநாள் முகாமில் சொல்லிவிட்டு ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ‘மனநலம்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, மனைவி சத்தமாகவே சொன்னாள். டொக்டரம்மாவிடம் ‘ஒரே யோசனையாக் கிடக்கு’ என்றேன். ‘என்ன யோசனை, தொழில் தொடங்கவா?’ என்றார். எங்கள் ஊரில் யோசனை என்றால் கவலை என்று விளங்கப்படுத்தியதும் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், பல மாதத்துக்குப் பிறகு.

மணல் திட்டுக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். பிடிக்க இரண்டு மூன்று வாரமாகும், முதலில் வயிற்றைப் பிரட்டலாம், சுகமானதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்றார். முதல் வாரம் பிரட்டத்தான் செய்தது. இப்போதும் இன்ஜின் சத்தத்துக்கு முழிக்கிறேன், ஆனால் திரும்பவும் நித்திரை வந்துவிடுகிறது. மாத்திரையால்தான் என்கிறாள் மனைவி. கயிற்றைக் கழற்ற மாமி விடவில்லை, சரி, அதுவும் கையில் கிடக்கிறது.